மாறும் செய்தியும் மாற்றும் கையும்: சிறுவணிக இணையதளப் பராமரிப்பில் சில அனுபவங்கள்

சிறுவணிகம் ஒன்றின் இணையதளம், கடை திறந்திருக்கும் காலமெல்லாம் கடையோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்க வேண்டியது. விலை ஏறுகிறது, சரக்கு தீர்கிறது, தொலைபேசி எண் மாறுகிறது, கிளை திறக்கப்படுகிறது, வரி விகிதம் திருத்தப்படுகிறது. இவற்றுள் எதுவும் தளத்தில் தானாக ஏறிக்கொள்வதில்லை. தளத்தை வடிவமைப்பதற்குப் பணத்தையும் கவனத்தையும் தாராளமாகச் செலவிடும் வணிகர்கள், அதைப் பின்னர் யார், எவ்வழியில், எந்த இடைவெளியில் புதுப்பிப்பது என்ற கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதே இல்லை என்பதையும், தளங்கள் பயனற்றுப் போவதற்கு வடிவமைப்பின் குறையைவிட இக்கேள்வி எழாமல் போனதே பெரிய காரணம் என்பதையும் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இத்தொழிலைச் செய்து வருவோர் நன்கறிவர். சிவகாசியின் பட்டாசுக் கடைகள், கரூரின் வீட்டு ஜவுளி நிறுவனங்கள், கோவையின் பம்புசெட் உற்பத்தியாளர்கள் போன்றோரின் தளங்களைப் பராமரிக்கும் தொழிலில் தெளிவாகிய சில உண்மைகளை, அத்தொழிலின் நடைமுறையிலிருந்தே தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மாறுவன நான்கு

தளத்தில் மாறக்கூடியவற்றை நான்கு அடுக்குகளாகப் பிரித்துக்கொள்வது நடைமுறைக்குப் பெரிதும் உதவும். முதல் அடுக்கு வணிகச் செய்தி: விலை, இருப்பு, கடை நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண், முகவரி முதலியவை இதில் அடங்கும். இரண்டாம் அடுக்கு உள்ளடக்கம், அதாவது நிறுவன அறிமுகம், பொருள் விளக்கம், படங்கள், தரச்சான்றுகள் போல ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தொட வேண்டியவை. மூன்றாம் அடுக்கு தளத்தை இயக்கும் மென்பொருள். நான்காம் அடுக்கு, வெளிப்பார்வைக்குத் தெரியாத உடைமைகள்: டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயர், தளத்தின் கோப்புகள் தங்கியிருக்கும் ஹோஸ்டிங் எனப்படும் வாடகை இடம், தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ், தளத்தின் பெயரில் இயங்கும் மின்னஞ்சல் ஆகியவை.

இந்நான்கும் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன. ஒவ்வொன்றின் மாற்றத்தையும் முதலில் அறிபவரும் வேறு வேறு ஆட்களே. விலை மாறியதைக் கணக்குப்பிள்ளையோ கவுண்டரில் நிற்பவரோ முதலில் அறிகிறார். புதிய தரச்சான்று வந்ததை முதலாளி அறிகிறார். மென்பொருளில் ஓட்டை வெளிப்பட்டதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர் அறிகிறார். டொமைன் காலாவதியாகப் போகிறது என்ற அறிவிப்போ, பதிவின்போது யாருடைய மின்னஞ்சல் முகவரி தரப்பட்டதோ அவருக்கே போய்ச் சேர்கிறது. ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், செய்தியை முதலில் அறிபவருக்கும் தளத்துக்கும் இடையே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே அவ்வழியின் தகுதியை அளக்கும் அளவுகோலாகும். இடையில் ஆள் கூடக் கூடச் செய்தி தாமதமாகிறது. ஒரு கட்டத்தில் சொல்வதையே கடைக்காரர் விட்டுவிடுகிறார்.

கோப்பை ஏற்றிய காலம்

1990களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் சிறுவணிகத் தளங்கள் பெரும்பாலும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட தனித்தனிப் பக்கங்களாகவே இருந்தன. மைக்ரோசாப்டின் ஃபிரன்ட்பேஜ், மேக்ரோமீடியாவின் டிரீம்வீவர் போன்ற மென்பொருள்களில் பக்கத்தைத் தயாரித்து, எஃப்.டி.பி. என்னும் கோப்பு அனுப்பும் முறையில் சர்வருக்கு ஏற்றுவதே வழக்கம். வணிகர் தொலைபேசியில் திருத்தத்தைச் சொல்வார். வடிவமைப்பாளர் தம் கணினியிலுள்ள பிரதியைத் திருத்தி ஏற்றுவார். இரு பிரதிகளும் ஒன்றாக இல்லாத நிலையில், ஓர் எண்ணைத் திருத்தப் போய் முந்தைய திருத்தங்கள் அனைத்தும் அழிந்துபோவது அக்காலத்தில் அடிக்கடி நிகழ்ந்தது. ஒரே தொலைபேசி எண் பத்துப் பக்கங்களில் தனித்தனியே எழுதப்பட்டிருந்தமையால், ஒன்பது பக்கங்களில் மாறி ஒன்றில் மட்டும் பழைய எண் தங்கிவிடுவதும் இயல்பாக இருந்தது.

தமிழில் எழுதப்பட்ட தளங்களுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் எழுத்துருக் குறியாக்கங்கள் தமிழ்நாட்டில் தரப்படுத்தப்பட்டன; டிஸ்கி முதலிய பிற குறியாக்கங்களும் உடன் வழங்கின. இவற்றில் எழுதப்பட்ட பக்கம், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தது. தேடுபொறிகளும் அதைத் தமிழாக உணரவில்லை. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவி, 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்ற பின்னர், பழைய தளங்களின் எழுத்துகளை எல்லாம் மாற்றி ஏற்றுவது இத்தொழிலில் ஒரு தனி வேலையாகவே நடந்தது. ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்ட அசையும் முகப்புப் பக்கங்களும் இவ்வாறே, அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை 2020 டிசம்பர் 31இல் நிறுத்திய பின், திறக்க இயலாதவையாயின. தளத்தில் ஒரு சொல்லும் மாறாமல் இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள தொழில்நுட்பம் மாறுவதால் அது பழுதடைகிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்தின.

வேர்ட்பிரஸ் தந்த உரிமையும் பொறுப்பும்

2003 மே மாதத்தில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் வெளியிட்ட வேர்ட்பிரஸ், உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்னும் வகையைச் சேர்ந்தது. பக்கத்தின் வடிவத்தைத் தனியாகவும் அதில் வரும் எழுத்தையும் படத்தையும் தரவுத்தளம் எனப்படும் ஒழுங்குபடுத்திய சேமிப்பில் தனியாகவும் வைப்பதே இவ்வகை மென்பொருளின் அடிப்படை. இதனால், கடவுச்சொல் உடைய எவரும் உலாவியின் வழியே நுழைந்து எழுத்தை மாற்றலாம். தொலைபேசி எண்ணை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் மாறும்படி அமைக்கலாம். வடிவமைப்பாளரின் கையிலிருந்த திருத்தும் உரிமை வணிகரின் கைக்கு வந்தது இம்முறையால்தான் என்று சொல்வது மிகையன்று.

ஆனால் உரிமையோடு பொறுப்பும் வந்தது. வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் மூல மென்பொருள், தோற்றத்தை நிர்ணயிக்கும் தீம், கூடுதல் வசதிகளைத் தரும் பிளகின்கள், இவையனைத்தும் ஓடுவதற்கு அடித்தளமான பி.எச்.பி. என்னும் நிரல்மொழி ஆகிய யாவும் தனித்தனியே புதுப்பிக்கப்பட வேண்டியவை. 2013இல் வந்த 3.7ஆம் பதிப்பு முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறுகின்றன. 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பு முதல் பிளகின்களையும் தீம்களையும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைக்கலாம். இருப்பினும், எழுதியவரே கைவிட்டுவிட்ட பிளகின் ஒன்று தளத்தில் இருக்குமானால் அதற்குப் புதுப்பிப்பு என்பதே வராது. பி.எச்.பி. 7.4ஆம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றபோது, ஹோஸ்டிங் நிறுவனங்கள் அடுத்த பதிப்புக்கு மாறத் தொடங்கின. பழைய நிரல்களை நம்பியிருந்த தளங்கள் வெற்றுப் பக்கமாகவோ பிழைச் செய்தியாகவோ காட்சியளித்தன. கைப்பட எழுதப்பட்ட தளங்களுக்கும் இதே நிலை முன்பே நேர்ந்திருந்தது: தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைத் தொகுதி 2015இல் வந்த பி.எச்.பி. 7.0இல் முற்றிலுமாக நீக்கப்பட்டமையால், அதற்கு முன் எழுதப்பட்ட பல சிறுதளங்களைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

தங்கள் கடையின் தளத்தை யார் தாக்கப் போகிறார்கள் என்று சிறுவணிகர் நினைப்பது இயல்பே. தாக்குதல்கள் ஆள் பார்த்து வருவதில்லை. பழுதுள்ள பிளகின் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதையும் துழாவிக்கொண்டே இருக்கின்றன. அவ்வாறு நுழைந்துவிட்டதன் அடையாளம் சில வேளை தளத்தில் தெரியாமல் தேடுபொறியில் தெரியும்: கூகுளில் கடையின் பெயரைத் தேடும்போது, அக்கடையின் முகவரியிலேயே ஜப்பானிய எழுத்துகளில் போலிப் பொருள்களை விற்கும் பக்கங்கள் வரிசையாக வரும். இதைச் சுத்தம் செய்வதற்கு ஆகும் உழைப்பு, மாதந்தோறும் புதுப்பித்து வருவதற்கு ஆகும் உழைப்பைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே வேர்ட்பிரஸ், தாமே அடிக்கடி எழுதவும் படம் ஏற்றவும் விரும்புகிற, அதோடு மாதம் ஒரு முறையேனும் தொழில்நுட்பம் தெரிந்தவரைக் கொண்டு சோதிக்க ஆயத்தமாக இருக்கிற வணிகருக்கே உரியது.

வாடகைத் தளங்களின் வசதியும் எல்லையும்

மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பே வேண்டாம் என்போருக்கு விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், இணையவிற்பனைக்கு ஷாப்பிஃபை போன்ற சேவைகள் உள்ளன. இவற்றில் மாதக் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ செலுத்தினால், மூன்றாம் அடுக்கின் பராமரிப்பு முழுவதையும் சேவை நிறுவனமே ஏற்றுக்கொள்கிறது. வணிகர் முதலிரண்டு அடுக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தொழில்நுட்பர் ஒருவரைத் தேடிப் பிடிக்க இயலாத ஊர்களில் இது மதிக்கத்தக்க வசதியே.

வாடகை இடத்துக்கு உரிய எல்லை இவற்றுக்கும் உண்டு. கட்டணம் நின்றால் தளம் நிற்கும். வேறிடத்துக்கு மாற வேண்டுமானால் எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு போகலாமே தவிர, அமைப்பை அப்படியே பெயர்த்துக்கொண்டு போக இயலாது. சேவை நிறுவனமே ஒரு வசதியை நிறுத்திவிட்டால் அதற்கு மேல்முறையீடு இல்லை. கூகுள் தன் வணிக விவரச் சேவையின் பகுதியாகச் சிறுகடைகளுக்கு இலவசமாகத் தந்துவந்த எளிய தளங்களை 2024 மார்ச் மாதத்தில் மூடியதும், அத்தளங்களுக்கு வந்தோரை அவ்வாண்டு ஜூன் 10 வரை மட்டுமே கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டதும் இதற்குத் தெளிவான சான்று. விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அந்த இலவச முகவரியையே அச்சிட்டிருந்தவர்களுக்கு அந்நாளுக்குப் பின் அது செல்லாமல் போயிற்று. தமக்கெனத் தனி டொமைன் வைத்து அதை அத்தளத்தோடு இணைத்திருந்தவர்கள், அதே முகவரியை வேறொரு தளத்துக்குத் திருப்பிவிட்டுத் தொடர முடிந்தது. தளம் வாடகையாக இருக்கலாம், முகவரி சொந்தமாக இருக்க வேண்டும் என்ற விதி இத்தொழிலில் உறுதிப்பட்டது இத்தகைய நிகழ்வுகளால்தான்.

சிவகாசி விலைப்பட்டியல்

மாறும் செய்தியையும் மாறாத செய்தியையும் பிரித்து வைப்பதன் பயனைச் சிவகாசிப் பட்டாசுக் கடைகளின் தளங்களில் மிகத் தெளிவாகக் காணலாம். ஆடிப்பெருக்கை ஒட்டி வணிகம் தொடங்கித் தீபாவளியோடு முடியும் இத்தொழிலில், தளத்தின் உயிர் விலைப்பட்டியலே. கம்பி மத்தாப்பு ஒன்றே 7, 10, 12, 15, 30 சென்டிமீட்டர் என அளவால் பிரிந்து, ஒவ்வோர் அளவும் சாதா, கலர், பச்சை, சிவப்பு என வகையால் பிரியும். சக்கரமும் புஸ்வாணமும் சரவெடியும் இவ்வாறே விரியும். ஒவ்வொன்றுக்கும் குறித்த விலை, தள்ளுபடி விலை, பெட்டியில் உள்ள எண்ணிக்கை ஆகியவை வேண்டும். வெடிபொருள் இணையவிற்பனையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் நாள் அளித்த தீர்ப்பில் தடை செய்த பின், இத்தளங்களில் பணம் செலுத்தும் பொத்தான் இல்லை. வேண்டிய பொருள்களை வாடிக்கையாளர் குறித்து அனுப்ப, கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்துப் பேசும் விசாரணைப் படிவமே உள்ளது. தீர்ப்பின் காரணமாகவே இவ்வாறு உள்ளது என்ற விளக்கத்தைப் பக்கத்தின் அடியில் எழுதி வைப்பதும் வழக்கமாகிவிட்டது.

இவ்வகைத் தளங்களுக்குப் பொருத்தமானதாக அனுபவத்தில் தேறிய வழி மிக எளியது. அறிமுகம், உரிம விவரம், தொடர்பு ஆகிய பக்கங்களைத் தரவுத்தளம் இல்லாத நிலைப்பக்கங்களாக அமைத்து, விலைப்பட்டியலை மட்டும் கூகுள் ஷீட் போன்ற இணைய விரிதாளில் வைத்து, பக்கம் அதிலிருந்து விலையை எடுத்துக் காட்டுமாறு செய்வதே அது. கணக்குப்பிள்ளைக்கு எக்செல் ஏற்கெனவே கைவந்தது. புதிய மென்பொருள் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர் கட்டத்தில் எண்ணை மாற்றினால் சில நிமிடங்களில் தளத்திலும் மாறுகிறது. ஆனால் விரிதாளைக் கையில் கொடுப்பதற்கு முன் சில கட்டுப்பாடுகளை வைத்தாக வேண்டும். விலைக் கட்டத்தில் எண் மட்டுமே ஏறும்படி பூட்ட வேண்டும். இல்லையேல் கடை வழக்கப்படி எண்ணுக்குப் பின் ஒரு கோடும் சிறு கழித்தல் குறியும் தட்டப்பட்டு, கூட்டுத்தொகை பிழைபடும். சரக்கு தீர்ந்த பொருளின் வரியை அழிக்காமல், இருப்பு என்ற தனிப்பத்தியில் ‘இல்லை’ எனக் குறிக்கச் சொல்ல வேண்டும்; வரியை அழித்தால் கீழுள்ள வரிகள் ஓரிடம் மேலேறி, வாடிக்கையாளர் கேட்டது சக்கரமாகவும் கடைக்கு வந்தது புஸ்வாணமாகவும் ஆகிவிடக்கூடும். இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண்ணோடு தொடர்பில்லாத, ஆண்டுதோறும் மாறாத குறியீடு ஒன்று தரப்படுகிறது.

‘தம்பி, விலைய மாத்திட்டோம், ஆனா எங்க போன்ல இன்னும் பழைய லிஸ்ட்டே வருது’ என்று கடையிலிருந்து வரும் அழைப்பு, ஒவ்வோர் ஆண்டும் இப்பருவத்தின் தொடக்கத்தில் தவறாமல் வருவது. ஒருமுறை பார்த்த பக்கத்தை உலாவி தன் நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை அதையே காட்டுவதால் இது நேர்கிறது. விலைப்பக்கத்துக்கு மட்டும் இந்நினைவகத்தின் காலத்தைக் குறைத்து அமைப்பது தீர்வு. இதைவிடக் கடினமானது, விலைப்பட்டியலைப் பி.டி.எஃப். கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம். கையிலிருந்து போன கோப்பைத் திரும்பப் பெற முடியாது. சென்ற ஆண்டுக் கோப்பு இவ்வாண்டும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை வைத்துப் பேரம் பேச வருவோரும் உண்டு. கோப்புக்குப் பதில் பக்கத்தின் இணைப்பை அனுப்புவதும், கோப்பு தந்தே ஆக வேண்டுமெனில் ஒவ்வொரு தாளின் தலையிலும் செல்லுபடியாகும் நாளை அச்சிடுவதும் சிவகாசியில் மட்டுமன்றி விலை மாறும் எல்லா வணிகங்களிலும் பின்பற்றத்தக்கவை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் திருத்தப்பட்டு, ஏ.சி. எனப்படும் அறைக் குளிரூட்டி போன்றவற்றின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, விலையைத் தரவாக வைத்திருந்த கடைகளுக்கு அது ஒரு கட்டத்தை மாற்றும் வேலை. விலையைப் படமாக வரைந்து ஏற்றியிருந்த கடைகளுக்கோ ஒவ்வொரு படத்தையும் மீண்டும் வரையும் வேலை.

தீபாவளிக்கு முன் போலிப் பட்டாசுத் தளங்கள் முளைத்துப் பணம் பறிப்பது குறித்துத் தமிழ்நாட்டுக் காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு எச்சரித்து வருவதும் இங்கே நினைக்கத்தக்கது. உண்மையான கடையின் தளத்தில் சென்ற ஆண்டின் நாளும் எடுக்கப்படாத எண்ணும் இருந்தால், வாடிக்கையாளரின் ஐயம் அக்கடையின் மீதும் விழுகிறது.

ஒரு செய்தி, பல இடங்கள்

கடையின் நேரமும் எண்ணும் இன்று தளத்தில் மட்டும் இருப்பதில்லை. கூகுள் வணிக விவரப் பக்கத்தில், வாட்ஸ்அப் பிசினஸில், ஃபேஸ்புக் பக்கத்தில், அச்சிட்ட அட்டையில் என்று பரவிக் கிடக்கிறது. ஒன்றில் மாற்றி மற்றவற்றில் மறந்துவிடுவதே இப்போது மிகுதியாகக் காணப்படும் குறை. அன்றாடம் மாறுவதைக் கூகுள் விவரப் பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் மட்டும் வைத்து, தளத்தில் நீண்டகாலம் நிலைக்கும் செய்தியை மட்டும் எழுதுவது, ஆள் குறைந்த கடைகளுக்கு நேர்மையான ஒரு வழி. பொங்கல் விடுமுறை போன்ற நாள்களுக்குக் கூகுள் விவரப் பக்கத்தில் சிறப்பு நேரம் குறிக்கும் வசதி இருக்கும்போது, அதையே தளத்தின் முகப்பில் ஓடும் எழுத்தாக எழுதி, மாதக்கணக்கில் எடுக்காமல் விடுவதால் பயனில்லை. எங்கெங்கே எந்தச் செய்தி இருக்கிறது என்ற பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டி வைத்தால், எண் மாறும் நாளில் எதுவும் விடுபடாது.

ஏ.எம்.சி. என்னும் ஒப்பந்தம்

பராமரிப்பை வெளியாளிடம் ஒப்படைக்கும் ஆண்டு ஒப்பந்தத்தை வணிகர்கள் ஏ.எம்.சி. என்றே வழங்குகின்றனர். பம்புசெட்டுக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் பழகிய இவ்வொப்பந்தம் தளத்துக்கு வரும்போது, எது அதில் அடங்கும் என்பது எழுதப்படாமலே விடப்படுவதால் மனக்கசப்பு விளைகிறது. மென்பொருள் புதுப்பிப்பும் காப்புப் பிரதியும் எத்தனை நாளுக்கு ஒருமுறை, மாதத்தில் எத்தனை சிறு திருத்தங்கள், திருத்தம் கேட்ட பின் எத்தனை நாளில் முடியும், ஒப்பந்தம் முடிந்தால் எவையெல்லாம் திருப்பித் தரப்படும் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். திருத்தத்தைக் கடையின் சார்பில் ஒருவரே, தொலைபேசியில் அல்லாமல் எழுத்தில் அனுப்புவதும் இன்றியமையாதது. செவியில் விழுந்த எண் விரலில் மாறிப் போவதை இத்தொழிலில் இருப்போர் அனைவரும் கண்டிருப்பர்.

ஒப்பந்தத்தில் பெரும்பாலும் விடுபடுவது தொடர்புப் படிவத்தின் சோதனை. தளம் நன்றாகத் திறக்கிறது, படிவமும் நன்றி சொல்கிறது, ஆனால் அதில் எழுதியது கடைக்கு வந்து சேர்வதில்லை என்ற நிலை நீண்டகாலம் எவர் கண்ணிலும் படாமல் இருக்கக்கூடும். அனுப்பியவர் உண்மையானவரே என்று சான்று காட்டும் பதிவுகள் டொமைனில் இருக்க வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதித்த பின், அப்பதிவு இல்லாத தளங்களின் மடல்கள் மறுக்கப்படும் வாய்ப்பு மேலும் கூடியது. மாதத்தின் முதல் நாளில் படிவத்தை ஒருமுறை நிரப்பி, மடல் வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இணையத்தில் நேரடியாக விற்பவர்களுக்குச் சட்டத்தின் கடமையும் உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் காட்டுமாறும், புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்குமாறும் கூறுகின்றன. வேலையை விட்டுச் சென்றவரின் பெயரே குறைதீர் அலுவலர் என்று நிற்பது, அழகுக் குறையோடு நில்லாமல் சட்டக் குறையாகவும் ஆகிவிடும்.

சாவி யார் கையில்

மேற்கூறிய வழிகளுள் எதைத் தேர்ந்தாலும் நான்காம் அடுக்கு வணிகரின் கையில் இல்லையெனில் எல்லாம் வீண். டொமைனைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துகொண்ட வடிவமைப்பாளர் ஊர் மாறியோ தொழில் மாறியோ போய்விட்டால், கடையின் பெயர் கடைக்காரருக்கே எட்டாததாகிறது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. அது பதிவிலுள்ள மின்னஞ்சலுக்கே செல்லும். காலாவதியான பின் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலமும், அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாளும் கிடைக்கலாம். அடுத்த 5 நாளில் பெயர் பொதுவெளிக்குப் போய்விடும். பத்தாண்டு வரை ஒரே முறையில் பதியும் வசதி இருக்கும்போது, ஆண்டுதோறும் புதுப்பித்து ஆண்டுதோறும் அஞ்ச வேண்டியதில்லை.

சான்றிதழின் நிலையும் இதுவே. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று காட்டுகிறது. சான்றிதழின் ஆயுளை 2026 மார்ச் முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் முதல் 47 நாளாகவும் குறைப்பதென உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் இணைந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி நடவாது; லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சேவையின் வழியே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஹோஸ்டிங்கையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

காப்புப் பிரதி தளம் இருக்கும் சர்வரிலேயே இருந்தால் அது காப்பாகாது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்த தரவு மையம் 2021 மார்ச் 10ஆம் நாள் தீப்பற்றியபோது, தளத்தையும் பிரதியையும் அங்கேயே வைத்திருந்தோர் இரண்டையும் ஒருசேர இழந்தனர். மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்ற நெறியைச் சிறுகடையும் கைக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி இறக்கி வைப்பது எவர்க்கும் இயல்வதே. எதுவுமே மிஞ்சாதபோது இன்டர்நெட் ஆர்க்கைவ் சேமித்து வைத்துள்ள பழைய பக்கங்களிலிருந்து எழுத்தையேனும் மீட்க முடிகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

இவை அனைத்திலிருந்தும் பெறப்படும் முடிவு இதுவே. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மாறும் தளத்துக்கு நிலைப்பக்கங்களே போதும். விலையும் இருப்பும் மட்டும் மாறும் தளத்துக்கு நிலைப்பக்கமும் விரிதாளும் பொருந்தும். அடிக்கடி எழுதவும் படம் ஏற்றவும் ஆளுள்ள கடைக்கு வேர்ட்பிரஸும் அதற்குரிய பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டும். இணையத்தில் பணம் பெற்று விற்கும் கடைக்கு, மென்பொருள் பொறுப்பைத் தானே ஏற்கும் வாடகைச் சேவை ஏற்றது. ஆள் இல்லாத கடைக்குச் சிறிய தளமே சிறந்த தளம். புதுப்பிக்க முடியாத பக்கத்தைத் தொடக்கத்திலேயே கட்டாமல் விடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையாகும்.

ஆகவே தளம் அமைக்க எண்ணும் வணிகர்கள், வண்ணத்தையும் படத்தையும் பற்றி வடிவமைப்பாளரோடு பேசத் தொடங்குமுன், எது மாறும், எப்போது மாறும், யார் மாற்றுவார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தளம் வைத்திருப்போர், தம் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதியப்பட்டிருக்கிறது என்பதை இன்றே பார்த்து, அது தம்முடையதாக இல்லையெனில் மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்பாக அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.